விளக்கு எரிகிறது, வண்டி கிளம்பவில்லை



மின்சாரம் இருந்தும் கிளம்ப மறுக்கும் காரின் பழுதைக் கண்டறியும் முறையே இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்ட பொருள். சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டு விளக்குகள் ஒளிர்கின்றன, ஹாரன் ஒலிக்கிறது, ரேடியோ பாடுகிறது, கதவுக் கண்ணாடிகள் ஏறி இறங்குகின்றன, ஆனால் எஞ்சின் மட்டும் உயிர் பெறுவதில்லை. அந்த நேரத்தில் வண்டிக்காரர் வாயிலிருந்து பெரும்பாலும் வருவது ஒரே வாக்கியம்தான்: "பேட்டரி நல்லாத்தான் இருக்கு, லைட்டெல்லாம் எரியுதே!" விளக்கு எரிவது பேட்டரி நன்றாக இருப்பதற்குச் சான்றாகுமா? பேட்டரியே நன்றாக இருந்தாலும், அதன் ஆற்றல் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்கிறது என்பதற்கு அது சான்றாகுமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை தெரியாமல் மாற்றப்பட்ட பேட்டரிகளும், கழற்றி விற்கப்பட்ட நல்ல ஸ்டார்ட்டர் மோட்டார்களும் ஏராளம்.

விளக்கு எரிவதால் உறுதியாவதுதான் என்ன? பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தம், அதாவது வோல்ட் கணக்கில் அளக்கப்படும் உந்துவிசை, ஓரளவு இருக்கிறது என்பதும், அந்த விளக்கு வரையிலான கம்பியில் சிறிதளவு மின்னோட்டம் பாய வழி இருக்கிறது என்பதும் மட்டுமே உறுதியாகின்றன. 55 வாட் ஹாலஜன் பல்பு பொருத்திய முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்து இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 9 ஆம்பியர். டாஷ்போர்டு விளக்குகளுக்கு அதில் சிறு பங்கே போதும். ஆனால், பட்டறைகளில் 'செல்ஃப்' என்றும் 'செல்ஃப் மோட்டார்' என்றும் வழங்கும் ஸ்டார்ட்டர் மோட்டார், ஒரு சிறிய பெட்ரோல் காரின் எஞ்சினைச் சுழற்றும்போது 100 முதல் 150 ஆம்பியர் வரை இழுக்கிறது. டீசல் காரில் அதற்கும் மேல் இழுக்கிறது. அசையாமல் நிற்கும் மோட்டார் நகரத் தொடங்கும் முதல் கணத்தில் இன்னும் பல மடங்கு கேட்கிறது. பூத் தொடுக்க வாழைநார் போதும். தேர் இழுக்க வடம் வேண்டும். நார் அறுந்துவிடவில்லை என்பதைக் காட்டித் தேர் நகரும் என்று எவரும் வாதிடுவதில்லை. காரைப் பொறுத்தவரை மட்டும் அந்த வாதம் நாள்தோறும் செய்யப்படுகிறது.

இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். பேட்டரி முனையில் படிந்த உப்பினாலோ தளர்ந்த கிளாம்பினாலோ அந்த இணைப்பில் 0.03 ஓம் அளவுக்கு மின்தடை, அதாவது மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை, தோன்றிவிட்டது என்று கொள்வோம். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் அவ்விடத்தில் வீணாகும் வோல்ட் கிடைத்துவிடும். ஓம் விதி சொல்வது அவ்வளவுதான். முகப்பு விளக்குகளின் 9 ஆம்பியர் அந்த இணைப்பைக் கடக்கும்போது வீணாவது 0.27 வோல்ட், கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியவே தெரியாது. அதே இணைப்பின் வழியாக 150 ஆம்பியர் பாய முற்பட்டால் வீணாவது 4.5 வோல்ட். பன்னிரண்டு வோல்டில் நாலரை வோல்ட் வழியிலேயே போய்விட்டால் மோட்டாருக்கு மிஞ்சுவது என்ன? அது முனகும், அல்லது ஒரு 'டக்' ஒலியோடு நின்றுவிடும். ஒரே இணைப்பு, ஒரே பேட்டரி, ஒரே நொடி; விளக்குக்கு அது நல்ல இணைப்பாகவும் மோட்டாருக்குக் கெட்ட இணைப்பாகவும் இருக்கிறது. சுமை ஏறாத நிலையில் எடுக்கும் எந்த அளவும் இந்தப் பழுதைக் காட்டிக்கொடுக்காது என்பதே இங்கு முதன்மையாக வலியுறுத்தப்படும் கருத்து. பின்னால் வருவன பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவையே.

பேட்டரிக்கும் இது பொருந்தும். காரின் ஈய-அமில பேட்டரிக்குள் 6 அறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருவதால், முழுதும் சார்ஜ் ஏறி ஓய்விலிருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. 12.2 வோல்ட் என்றால் சார்ஜ் பாதியாகிவிட்டது என்றும், 12.0 வோல்டுக்குக் கீழே என்றால் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்றும் கொள்ளலாம். இந்த எண்களைப் பலரும் அறிவார்கள். பலர் அறியாதது என்னவென்றால், தகடுகளில் ஈயச் சல்பேட்டு இறுகிப்போன பழைய பேட்டரியும், உள்ளே இரண்டு அறைகளை இணைக்கும் ஈயப் பட்டை விரிசல் விட்ட பேட்டரியும் ஓய்வு நிலையில் 12.5 வோல்ட் என்றே காட்டக்கூடும் என்பதுதான். செல்ஃபை இயக்கிய மறுகணமே அது 7 வோல்டுக்கோ 6 வோல்டுக்கோ சரிந்துவிடும். சாவியை விட்டால் மீண்டும் 12.5-க்கு ஏறி, ஒன்றும் அறியாததுபோல நிற்கும். நல்ல பேட்டரியாயின், செல்ஃப் சுழலும்போதும் அதன் முனைகளில் 9.6 வோல்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது தொழிலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகோல். நல்ல நிலையிலுள்ள காரில் அது 10-க்கு மேலேயே நிற்கும். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் பேட்டரி கைவிடுகிறது. தமிழ்நாடு போன்ற வெப்பப் பகுதிகளில் உள்தகடுகளின் அரிப்பைக் கோடைச் சூடு விரைவுபடுத்துவதால் அதன் ஆயுளே குறைகிறது. மூன்று நான்கு ஆண்டு உழைத்த பேட்டரியைச் சந்தேகிப்பதில் தவறில்லை. சோதிக்காமல் தீர்ப்பளிப்பதுதான் தவறு.

ஸ்டார்ட்டர் மோட்டாரின் வரலாற்றிலிருந்து ஒரு செய்தியை மட்டும் இங்கே சொல்லிச் செல்வது பொருந்தும். ஒரு காலத்தில் எஞ்சினின் முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகிக் கையால் சுழற்றித்தான் காரைக் கிளப்பினார்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறிவதும் உண்டு. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் டெய்ட்டன் நகரில் பணியாற்றிய சார்லஸ் கெட்டரிங் என்பவர் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர், 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் முதன்முதலாகப் பெருமளவில் பொருத்தப்பட்டது. ஒரு கார் எஞ்சினைச் சுழற்றும் மின்மோட்டார் காரளவுக்கே பெரிதாக இருக்க வேண்டும் என்று அக்காலத்தவர் கருதியிருக்க, காசுப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் அமைத்த பழக்கமுடைய கெட்டரிங், சில நொடிகள் மட்டுமே உழைக்கும் மோட்டாரைச் சிறியதாகச் செய்து, அந்தச் சில நொடிகளுக்கு அதன்மீது பெருஞ்சுமையை ஏற்றலாம் என்று கண்டார். சிறிய உடல், சில நொடி உழைப்பு, மிகப் பெரிய மின்னோட்டம் ஆகிய அந்த மூன்றும் இன்றுவரை மாறவில்லை. செல்ஃபை நிறுத்தாமல் அரை நிமிடம் அடித்துக்கொண்டே இருப்பவர்கள் அதன் கார்பன் பிரஷ்களையும் சுருள்களையும் எரித்துவிடுவதற்குக் காரணமும் அதுவே. ஒரு முயற்சி பத்து நொடிக்குள் முடிய வேண்டும்; அடுத்த முயற்சிக்கு முன் ஒரு நிமிடமாவது மோட்டாருக்கு ஓய்வு வேண்டும்.

இனி, வண்டியின் முன்னால் வந்து நிற்போம். கேட்கவேண்டிய முதல் கேள்வி எது? பேட்டரி எப்படி என்பதா, பெட்ரோல் இருக்கிறதா என்பதா? இரண்டும் அல்ல. எஞ்சின் சுழல்கிறதா, சுழலவில்லையா? இந்த ஒரு கேள்வி பழுதுகளின் உலகத்தை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. செல்ஃப் வழக்கமான வேகத்தில் எஞ்சினைச் சுழற்றுகிறது, ஆனால் எஞ்சின் பற்றிக்கொள்ளவில்லை என்றால், பேட்டரி, அதன் கேபிள்கள், செல்ஃப் ஆகியவை பெரும்பாலும் குற்றமற்றவை. தேடவேண்டியது எரிபொருளையும் தீப்பொறியையும். எஞ்சின் சுழலவே இல்லை என்றால், பெட்ரோலையும் ஸ்பார்க் பிளக்கையும் பற்றிய பேச்சு அப்போதைக்குத் தேவையில்லை. செல்ஃபே எடுக்காத வண்டியில் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கும் காட்சி இன்னும் மறையவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

சுழலாத வண்டியில் இரண்டு சாட்சிகளை விசாரிக்க வேண்டும்: ஒன்று காது, மற்றொன்று காருக்குள் கூரையில் எரியும் விளக்கு. முகப்பு விளக்கைவிடக் கூரை விளக்கைச் சொல்வதற்குக் காரணம், சாவி ஸ்டார்ட் நிலைக்குப் போனதும் முகப்பு விளக்கைத் தானாகவே துண்டித்துவிடும் கார்கள் பல இருப்பதுதான். கூரை விளக்கை எரியவிட்டு, சாவியைத் திருப்பி, விளக்கைப் பார்த்தபடி ஒலியைக் கேட்க வேண்டும். விளக்கு ஏறக்குறைய அணைந்துபோகிறதா? அப்படியானால் மோட்டார் மின்னோட்டத்தைக் கேட்டுவிட்டது, பேட்டரியால் அல்லது பேட்டரி முனையால் அதைக் கொடுக்க முடியவில்லை. விளக்கு கொஞ்சமும் மங்காமல், ஒலியும் எழாமல் இருக்கிறதா? அப்படியானால் மோட்டாருக்குக் கட்டளையே போய்ச் சேரவில்லை. விளக்கு மங்காமல், ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்கிறதா? கட்டளை போய்ச் சேர்ந்தது, ஆனால் பெரிய மின்னோட்டம் பாயவில்லை. மோட்டாருக்கு மின்னோட்டத்தை விடும் சொலினாய்டின் உள்தொடுமுனையோ, மோட்டாரின் பிரஷ்ஷோ, எஞ்சினுக்குப் போகும் கேபிளோ காரணமாகலாம். ஒரு கருவியும் இல்லாமல், ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தாமல், தேடவேண்டிய பரப்பு பாதிக்கும் கீழாகச் சுருங்கிவிடுகிறது.

'டக்டக்டக்' என்று இயந்திரத் துப்பாக்கிபோலப் படபடக்கும் ஒலியைத் தனியே விளக்க வேண்டும், ஏனென்றால் அதிகமாகக் கேட்கப்படுவதும் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே. சொலினாய்டு என்பது செல்ஃபின் முதுகில் அமர்ந்திருக்கும் மின்காந்தப் பொறி. அது இரண்டு வேலைகளை ஒருங்கே செய்கிறது. பட்டறையில் பெண்டிக்ஸ் என்று சொல்லப்படும் சிறிய பற்சக்கரத்தை முன்னே தள்ளி எஞ்சினின் பெரிய பல்வளையத்தோடு கோக்கிறது; அதே அசைவின் முடிவில் கனத்த செம்புத் தொடுமுனைகளை மூடி மோட்டாருக்குப் பெரும் மின்னோட்டத்தை விடுகிறது. பேட்டரி நலிந்திருந்தால், தொடுமுனை மூடிய கணத்தில் மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தால் வோல்ட் சரிந்துவிட, சரிந்த வோல்டில் சொலினாய்டின் காந்தம் பிடியை இழந்து தொடுமுனையைத் திறந்துவிட, திறந்ததும் சுமை நீங்கி வோல்ட் மீண்டும் ஏற, ஏறிய வோல்டில் காந்தம் மறுபடியும் இழுக்க, இந்தச் சுற்று நொடிக்குப் பலமுறை நிகழ்கிறது. ஆகவே படபடக்கும் ஒலி சொலினாய்டின் பழுதுக்கு அடையாளமல்ல. சொலினாய்டு உழைக்கிறது என்பதற்கும் அதற்குப் போதிய வோல்ட் நிலைக்கவில்லை என்பதற்குமே அடையாளம். அந்த ஒலியைக் கேட்டு செல்ஃபைக் கழற்றுபவர் நோயாளியை விட்டுவிட்டு அவருக்குச் செய்தி கொண்டுவந்தவரைப் படுக்கையில் கிடத்துகிறார்.

எப்படி அளப்பது? ஓமில் அளக்கலாமே என்று தோன்றும். ஆனால் கடைகளில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டரின் கம்பிகளுக்கே 0.1 ஓம் அளவுக்கு மின்தடை இருப்பதால், 0.03 ஓம் பழுதை அதனால் காட்ட முடியாது. அதே மீட்டரை வோல்டுக்கு மாற்றி, செல்ஃபை இயக்கியபடியே, கேபிளின் இரு நுனிகளுக்கிடையே வைத்தால், அங்கே வீணாகும் வோல்ட் அப்படியே தெரியும். இதுவே வோல்டேஜ் டிராப் சோதனை. சோதனை முடியும்வரை எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஒருவர் சாவியைத் திருப்ப மற்றொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் தண்டின் மேல், கிளாம்பின் மேல் அல்ல, தண்டின் மேலேயே வைத்து, மறுமுனையை செல்ஃபின் கனத்த போல்ட்டில் வைத்தால் அரை வோல்டுக்கு மேல் காட்டக்கூடாது. எர்த் பக்கத்தில், பேட்டரியின் நெகட்டிவ் தண்டுக்கும் எஞ்சின் உடலின் வெற்று உலோகத்துக்கும் இடையே 0.2 அல்லது 0.3 வோல்டுக்கு மேல் காட்டக்கூடாது. மிகுந்த அளவு கிடைத்தால், மீட்டர் முனையை இணைப்பு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்தால், எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் சட்டென்று குறைகிறதோ அதுவே குற்றவாளி.

எர்த் கேபிளுக்குச் சற்று அதிக நேரம் கொடுப்பது தகும், ஏனெனில் மறக்கப்படுவது எப்போதும் அதுதான். பாசிட்டிவ் கேபிளை எல்லாரும் பார்க்கிறார்கள். போன மின்னோட்டம் திரும்பி வர ஒரு பாதை வேண்டும் என்பதை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து காரின் உடலுக்கு ஒரு கேபிளும், ரப்பர் மவுண்டிங்குகளின் மேல் அமர்ந்திருக்கும் எஞ்சினிலிருந்து காரின் உடலுக்கு இன்னொரு பின்னல் பட்டையும் இருக்கின்றன. விளக்குகளின் மின்னோட்டம் முதலாவதன் வழியாகவே திரும்பிவிடும்; செல்ஃபின் மின்னோட்டமோ பல கார்களில் இரண்டையும் கடந்தாக வேண்டும். எனவே எஞ்சின் எர்த் பட்டை துருப்பிடித்தாலோ, கிளட்ச் வேலை பார்த்தவர் அதைத் திரும்ப மாட்ட மறந்தாலோ, பெயிண்ட் அடித்த உலோகத்தின் மேலேயே போல்ட்டை முடுக்கினாலோ, விளக்கெல்லாம் பளிச்சென்று எரிய, செல்ஃப் மட்டும் எடுக்காது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்றுண்டு. ஒரு ஜம்பர் கேபிளின் ஒரு நுனியைப் பேட்டரியின் நெகட்டிவ் தண்டிலும் மறுநுனியை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் பிடித்து, சாவியைத் திருப்பிப் பார்ப்பதே அது. வண்டி உடனே எடுத்தால் எர்த் பாதைதான் பழுது.

வேறொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்ததும் கிளம்பிவிட்டது, ஆகவே பேட்டரிதான் போய்விட்டது என்ற முடிவிலும் இதே பிழை ஒளிந்திருக்கிறது. ஜம்ப் கேபிளின் கறுப்பு நுனியை முறைப்படி எஞ்சின் உலோகத்தில் பிடித்திருந்தால் கெட்டுப்போன எர்த் பட்டை தானாகவே தவிர்க்கப்பட்டிருக்கும். சிவப்பு நுனியைக் கிளாம்பின்மேல் அழுத்திப் பிடித்தபோது தளர்ந்திருந்த கிளாம்பு தண்டோடு சேர்ந்திருக்கும். புதுப் பேட்டரி போட்டு, மாட்டும்போது முனைகளைத் துடைத்ததால் வண்டி எடுத்துவிட, பழைய பேட்டரி வீணாகப் பழி சுமந்து கடைக்காரரிடம் போய்ச் சேர்வதும் இவ்வாறே.

விளக்கு மங்காமல், ஒலியும் இல்லாமல் நிற்கும் வண்டிக்கு வருவோம். இங்கே பெரும் மின்னோட்டத்தின் பாதையில் வேலை இல்லை. சாவியிலிருந்து சொலினாய்டு வரை செல்லும் மெல்லிய கட்டளைக் கம்பியே விசாரணைக்குரியது. அந்தக் கட்டளை எத்தனை வாசல்களைக் கடந்து வர வேண்டும்! இக்னிஷன் சுவிட்சின் ஸ்டார்ட் தொடுமுனை ஒரு வாசல். கிளட்சை மிதித்தால் மட்டுமே திறக்கும் கிளட்ச் சுவிட்ச் ஒரு வாசல். தானியங்கிக் கியர் வண்டியில் பார்க் அல்லது நியூட்ரல் நிலையை உறுதிசெய்யும் சுவிட்ச் ஒரு வாசல். ஃபியூஸ் ஒன்று, ஸ்டார்ட்டர் ரிலே ஒன்று. பட்டன் அழுத்திக் கிளப்பும் கார்களில் பிரேக் சுவிட்சும் சேர்ந்துகொள்கிறது. பிரேக்கை மிதித்தும் பின்விளக்கு எரியவில்லை என்றால், அந்தச் சுவிட்சையும் அதன் ஃபியூஸையும் பார்த்தால் போதும், பாதி வேலை முடிந்தது. கியர் லீவரைப் பார்க்கிலிருந்து நியூட்ரலுக்கு நகர்த்தி முயன்றால் எடுத்துவிடும் வண்டியில், நிலைகாட்டும் சுவிட்சே பழுது. ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். அதைச் சோதிக்க, அதே வகையும் அதே எண்ணும் உடைய வேறொரு ரிலேயை, பெரும்பாலும் ஹாரனுடையதை, எடுத்து மாற்றிப் பார்த்தால் போதும். இவையெல்லாம் பயனளிக்காதபோது, சொலினாய்டில் மெல்லிய கம்பி வந்து சேரும் முனையில், ஜெர்மானிய முறைப்படி 50 என்று எண்ணிடப்பட்ட முனையில், டெஸ்ட் லேம்ப்பை வைத்து ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும். லேம்ப் எரிந்தும் சொலினாய்டு அசையவில்லை என்றால் பழுது செல்ஃபில். லேம்ப் எரியவில்லை என்றால் பழுது செல்ஃபுக்கு முன்னால். செல்ஃபைக் கழற்றுவதற்குமுன் இந்த ஒரு சோதனையையாவது செய்யாதவரை நல்ல மெக்கானிக் என்று சொல்ல முடியாது.

லேம்ப் எரிகிறது, சொலினாய்டும் 'டக்' என்று அடிக்கிறது, மோட்டார் மட்டும் சுழலவில்லை என்றால்? வீல் ஸ்பேனராலோ சுத்தியலின் மரப்பிடியாலோ செல்ஃபின் உடலை மெல்லத் தட்டச் சொல்லும் பழைய வழக்கம் மூடநம்பிக்கை அல்ல. தேய்ந்து குட்டையான கார்பன் பிரஷ் அதன் கூட்டுக்குள் சிக்கி நிற்க, தட்டிய அதிர்வில் அது சற்றே நகர்ந்து மீண்டும் தொட்டுவிடுகிறது, வண்டி எடுத்துவிடுகிறது. எடுத்துவிட்டதால் பழுது தீர்ந்துவிட்டது என்று எண்ணுவது மட்டும்தான் மூடநம்பிக்கை. நேரே பட்டறைக்குப் போய் பிரஷ் மாற்றிக்கொள்வதே அந்தத் தட்டலின் பயன்.

இன்னொரு வாசலும் உண்டு. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் அது. சாவியின் தலைக்குள் புதைந்திருக்கும் சிறு சில்லுக்குப் பேட்டரி கிடையாது. பூட்டைச் சுற்றியுள்ள சுருள் அனுப்பும் அலையிலிருந்தே ஆற்றல் பெற்று, அது தன் அடையாள எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. எண் பொருந்தாவிட்டால் சில கார்கள் செல்ஃபையே தடுக்கின்றன. சில கார்கள் செல்ஃபைச் சுழலவிட்டு எரிபொருளை மறுக்கின்றன. சில ஓரிரு நொடி ஓடவிட்டு அணைத்துவிடுகின்றன. சாவி அல்லது பூட்டு வடிவ விளக்கு டாஷ்போர்டில் விடாமல் சிமிட்டினால் முதல் சந்தேகம் அங்கேதான். மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்ப்பது செலவில்லாத சோதனை. பட்டன் வண்டியில் ரிமோட்டின் செல் தீர்ந்திருந்தால், அதைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு முயன்றால் பல கார்கள் கிளம்பிவிடும்.

பிரிவின் மறுபக்கத்துக்குப் போகலாம்: செல்ஃப் சுழல்கிறது, எஞ்சின் பற்றவில்லை. பெட்ரோல் எஞ்சினுக்கு எரிபொருள், தீப்பொறி, அமுக்கம் ஆகிய மூன்றும் சரியான நேரத்தில் சேர வேண்டும். சாவியை ஆன் நிலையில் வைத்ததும் பின்னிருக்கைக்குக் கீழே, டாங்குக்குள்ளிருந்து, இரண்டு நொடிக்கு ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கிறதா? கேட்டால் பம்ப் உயிரோடிருக்கிறது. கேட்காவிட்டால் அதன் ஃபியூஸும் ரிலேயும் முதலில், பம்ப் பிறகு. சுழற்றும்போது ஆர்.பி.எம். முள் அசைகிறதா? எஞ்சின் வழக்கமாக நிமிடத்துக்கு இருநூறு சுற்று அளவில் சுழலும்போது அந்த முள் சற்றே எழ வேண்டும். கட்டையாகப் படுத்தே கிடந்தால் கிராங்க் ஷாஃப்ட் சென்சாரைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் சுழல்வதைக் கணினிக்கு அறிவிப்பது அந்த உணரிதான், அது ஊமையாகிவிட்டால் கணினி தீப்பொறியும் தராது, எரிபொருளும் தராது. எஞ்சின் சூடானபோது நின்றுபோய், ஆறியதும் எடுத்துக்கொள்ளும் வண்டிகளில் இந்தச் சென்சார் அடிக்கடி பிடிபடுகிறது. வழக்கத்தைவிட வேகமாக, ஏற்ற இறக்கமே இல்லாத ஒரே சுருதியில் சுழன்றால், டைமிங் பெல்ட் அறுந்து அமுக்கம் இழந்திருக்கலாம். அதன்பின் ஒருமுறைகூட செல்ஃபை அடிக்கக்கூடாது, பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தால் எஞ்சின் மூழ்கியிருக்கிறது; ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்தபடி சுழற்றினால் பல கார்களின் கணினி எரிபொருளை நிறுத்திவிட, உள்ளே தேங்கியது காய்ந்துவிடும். சில நாள் நிறுத்திவைத்த வண்டி திடீரென்று மறுத்தால் பானட்டைத் திறந்து எலி கடித்த ஒயர்களைத் தேடுவது சென்னையில் வீண் வேலை அல்ல. டீசல் கார்களில் தீப்பொறி இல்லை. காமன் ரெயில் குழாயில் போதிய அழுத்தம், அதாவது இருநூறு பார் அளவுக்கேனும், சேராவிட்டால் கணினி இன்ஜெக்டரைத் திறக்காது. ஃபில்டர் மாற்றியபின் குழாயில் புகுந்த காற்றே அங்கு வழக்கமான எதிரி. கைப்பம்ப்பால் அதை வெளியேற்றாமல் செல்ஃபை அடித்துக்கொண்டிருந்தால் பேட்டரி தீரும், காற்று தீராது.

இவ்வளவும் சொன்னபின், செய்யக்கூடாதவற்றைச் சொல்லாமல் விட முடியாது. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நீரில் நின்ற கார்கள் கணக்கற்றவை. நீர் வடிந்ததும், விளக்கு எரிகிறதே என்ற தெம்பில் சாவியைத் திருப்பியவர்கள் பலர். காற்றை அமுக்கலாம்; நீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் மேலேறும் பிஸ்டன் சுவரில் முட்டியதுபோல நிற்கிறது. செல்ஃப் ஒரே ஒரு கனத்த ஒலியோடு நின்றுவிட, கூரை விளக்கும் மங்குகிறது. பேட்டரி டவுன் ஆன வண்டியின் அடையாளமும் ஏறக்குறைய இதுவே என்பதுதான் ஆபத்து. அதைக் கேட்டு ஜம்ப் கொடுத்தால், தள்ளிக் கிளப்ப முயன்றால், கனெக்டிங் ராடு வளையும். சில ஆயிரங்களில் முடியவேண்டிய வேலை எஞ்சினையே பிரிப்பதில் முடியும். நீரில் நின்ற வண்டியில் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுழற்றி நீரை வெளியேற்றிய பிறகே மற்றதெல்லாம்.

செல்ஃபின் கனத்த முனையையும் மெல்லிய முனையையும் ஸ்குரூ டிரைவரால் ஒட்டிக் கிளப்பும் வித்தையைப் பலர் திறமையாகக் கருதுகிறார்கள். அந்த வித்தை கிளட்ச் சுவிட்சையும் நியூட்ரல் சுவிட்சையும் தாண்டிச் செல்வதால், கியரில் நிற்கும் வண்டி எதிரில் நிற்பவர் மீதே பாயும். இதற்குத் திறமை என்று பெயரில்லை. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறுவதால், ஜம்ப் கொடுக்கும்போது கடைசி நுனியைப் பேட்டரியின் மேல் அல்லாமல் அதிலிருந்து தள்ளி எஞ்சின் உலோகத்திலேயே பிடிக்க வேண்டும். தீப்பொறி பறப்பது அந்தக் கடைசித் தொடலில்தான். தானியங்கிக் கியர் வண்டிகளைத் தள்ளிக் கிளப்ப முடியாது. முயல்வதால் தள்ளுபவர்களின் மூச்சுதான் வாங்கும்.

வாகனம் வைத்திருப்போருக்கு இந்த அவையின் வழியாக விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. பேட்டரியையோ செல்ஃபையோ மாற்றச் சொல்லும் எவரிடமும், எந்த இரண்டு புள்ளிகளுக்கிடையே அளந்தீர்கள், செல்ஃப் இயங்கும்போது அளந்தீர்களா, எத்தனை வோல்ட் காட்டியது என்று கேளுங்கள். மூன்றுக்கும் விடை கிடைத்தால் பணத்தைக் கொடுங்கள். "லைட் எரியுது சார், அப்போ செல்ஃப்தான்" என்ற விடை கிடைத்தால் வண்டியை வேறு பட்டறைக்கு இழுத்துச் செல்லுங்கள்.